அப்பாவின் பழைய கணினியில் லினக்ஸ்: அலங்காரம் கடைசியில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மன்னார்குடி வீட்டில் அப்பா புழங்கும் கணினி பழசு: நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தப் பெட்டியை ஏற்காது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தவர். வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனு, கோயில் திருவிழா நோட்டீஸ், குத்தகைக் கணக்கு எல்லாம் அதில்தான். பழைய கோப்புகள் பெரும்பாலும் வானவில் ஃபான்டில் இருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது லினக்ஸ் போட்டுக் கொடுக்க நினைக்கிறீர்கள். ஊடுருவித் தெரியும் விண்டோக்களும் வழுக்கிக்கொண்டு நகரும் திரைகளுமாக ஹைப்பர்லேண்ட் என்ற லினக்ஸ் திரை அமைப்பின் படங்களைப் பார்த்து அதில் ஆசை வந்திருக்கிறது. எந்த லினக்ஸ் நல்லது, அதை எப்படி அந்த மாதிரி அழகாக்குவது என்று கேட்கிறீர்கள்.

அழகாக்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிய வேண்டும், பழகிய விரலுக்குப் பழகிய விசை கிடைக்க வேண்டும், பிரிண்டர் ஓட வேண்டும். இவ்வளவும் இருந்தால் வால்பேப்பரில் என்ன படம் என்று அப்பா பார்க்கக்கூட மாட்டார். இதில் ஒன்று இடறினாலும், நீங்கள் சென்னைக்குப் பஸ் ஏறிய மறுநாளே கடைத்தெருவிலிருந்து ஆளைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு விண்டோஸைப் போட்டுக்கொள்வார். அவர்மேல் தப்பும் சொல்ல முடியாது.

விண்டோஸை அழிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வைப்பீர்கள், சரி. அதோடு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அவர் பயன்படுத்திய வானவில், பாமினி வகைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். விலைக்கு வாங்கியவை என்றால் உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிகோட் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறை, இந்த ஃபான்ட்கள் அதைச் சேர்ந்தவை அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கான எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தவை. ஃபான்ட் கையில் இல்லையென்றால் பத்து வருட மனுவும் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும். லினக்ஸில் அந்த ஃபான்டைப் போடுவது சுலபம். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல், எச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் போட்டால் லிப்ரேஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் தொகுப்பு எடுத்துக்கொள்ளும். பேஜ்மேக்கரில் செய்த நோட்டீஸ்கள் இருந்தால், 6, 7ஆம் பதிப்புக் கோப்புகளை லிப்ரேஆபீஸ் டிரா திறக்கும். வடிவமைப்பு கொஞ்சம் கலைந்திருக்கும். உள்ளே இருக்கும் வாசகத்தை மீட்க அது போதும். புதிதாக அடிப்பது எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். அச்சகத்தில் வானவில்லில்தான் வேண்டும் என்பார்கள். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் ஃபான்ட் அதற்குள்ளேயே போய்விடும், அவர்களுக்கும் தொல்லை இல்லை.

எந்த லினக்ஸ் என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. லினக்ஸ் மின்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் உள்ள பதிப்பைப் போடுங்கள். அடியில் இருப்பது உபுண்டு 24.04, 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜிபியில் தாராளமாக ஓடும். டெபியன் தெரிந்தவர் என்றால் டெபியன் 13 கூடப் போடலாம், ஆனால் அப்பா கணினிக்கு மின்ட்டில் கைவேலை குறைவு. மாநில அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஊரில் பலருக்கு லினக்ஸ் என்றாலே அதுதான் நினைவு. அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது, அதுவும் டெபியன் வழி வந்ததுதான். அதை வைத்து லினக்ஸை எடை போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

எந்த லினக்ஸ் போட்டாலும் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி மாட்டுங்கள். 256 ஜிபி போதும். மெனுவை லேசாக்குவதும் எஃபெக்டுகளை அணைப்பதும் தரும் வேகம் இதன் பக்கத்தில்கூட வராது. முடிந்தால் ராமையும் 8 ஜிபி ஆக்குங்கள். கையோடு மதர்போர்டில் இருக்கும் சி.ஆர் 2032 பட்டன் பேட்டரியையும் மாற்றுங்கள். பழைய பெட்டிகளில் அது செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். பிரவுசர் எல்லாத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று மறுக்கும். நெட் கிடைத்ததும் லினக்ஸ் நேரத்தைத் திருத்திக்கொள்ளும், அதுவரை அப்பாவுக்கு வைரஸ் பயம்.

ஹைப்பர்லேண்ட் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்த படங்கள் பொய்யில்லை. ஆனால் அங்கே எல்லாமே ஒரு கோப்பில் கையால் எழுதுவது. விண்டோவை மூடக்கூட விசைதான், ஒரு அப்டேட் வந்தால் சில வரிகளை மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் மடிக்கணினியில் செய்து பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. தமிழில் அடிக்க எஃப்சிட்எக்ஸ் 5 என்ற உள்ளீட்டுச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். மேல்பட்டைக்கு வேபார் போட்டால் தமிழ் எழுத்து சரியாகக் கோர்த்து வரும், ஏனென்றால் அது பாங்கோ என்ற எழுத்துக் கோர்க்கும் மென்பொருள் வழியாகத்தான் எழுத்தை வரைகிறது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் அந்த ஆசை வேண்டாம். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போடும் இடத்தில் 'கொ'வும் 'ணை'யும் எங்கே உட்காரும்? அலாக்ரிட்டி போன்ற டெர்மினல்களில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும்.

நிறுவும்போது மொழியை இங்கிலீஷ், இந்தியா என்று வையுங்கள். மெனுவும் தமிழில் வரும்தான், ஆனால் பாதி மொழிபெயர்த்து பாதி ஆங்கிலமாக நிற்கும். போனில் வழி சொல்லும்போது நீங்கள் பார்க்கும் மெனுவும் அவர் பார்க்கும் மெனுவும் ஒன்றாக இருப்பது முக்கியம். இந்தியா என்று வைத்தால் தொகைகளில் 1,00,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். கீபோர்டைத் தேர்ந்தெடுக்கும்போது ரூபாய்க் குறியுள்ள இந்திய ஆங்கிலத்தை எடுங்கள். வலது ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ₹ வரும். மின்ட்டின் மொழி அமைப்பில் நேர வடிவத்தை மட்டும் தனியாகத் தமிழ் ஆக்கலாம். மெனு ஆங்கிலத்திலேயே இருக்க, கடிகாரத்தில் கிழமை தமிழில் வரும்.

இனி ஃபான்ட். மின்ட்டில் தமிழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபான்ட் இருக்கக்கூடும். எந்தச் செயலி எதை எடுக்கும் என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் அது தானே முடிவு செய்யும். அதனால்தான் பிரவுசரில் ஒரு தமிழும் கோப்புப் பெயர்களில் வேறொரு தமிழுமாகத் தெரிகிறது. இதற்கென்று ஃபான்ட்கான்ஃபிக் அமைப்புக் கோப்பு எழுதலாம். அதைவிட எளிய வழி, சினாப்டிக் என்ற தொகுப்பு மேலாளரைத் திறந்து தேவையில்லாத தமிழ் ஃபான்ட்களை நீக்குவது. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். திரைக்கு சான்ஸ், மனுவுக்கு செரிஃப். நோட்டீஸ் தலைப்புக்குத் தடித்த எழுத்து வேண்டுமென்றால் பலூ தம்பி, கேட்டமரான் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன.

அப்புறம் அப்பியரன்ஸில் ஃபான்ட்ஸ் பக்கம் போங்கள். எழுத்தின் கோடுகளைத் திரைப் புள்ளிகளோடு பொருத்தும் ஹின்டிங் என்பதை ஸ்லைட் என்று வையுங்கள். ஃபுல் என்று வைத்தால் ஆங்கிலம் கூர்மையாக இருக்கும், தமிழின் சுழிகள் மூலை முடுக்காகிவிடும். 'ழ'வையும் 'ணு'வையும் பார்த்தாலே தெரியும். அதே பக்கத்தில் டிபிஐ 96 என்று இருக்கும். அதை 110 பக்கம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு செயலியிலும் போய் எழுத்தைப் பெரிதாக்க வேண்டாம், எல்லாம் ஒருசேர வளரும். எண்ணை நீங்களே முடிவு செய்யாதீர்கள். அப்பாவை அவர் வழக்கமாக உட்காரும் தூரத்தில், வழக்கமான கண்ணாடியோடு உட்காரவைத்து, ஒரு பழைய மனுவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏற்றி இறக்குங்கள்.

கீபோர்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மின்ட்டின் கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று தெரியும். உடனே அதைச் சேர்த்துவிடாதீர்கள். அது விசைக்கு ஓர் எழுத்து என்று போட்டுக்கொண்டே போகும் முறை. முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து மாற்றத் தெரியாது. உண்மையான தமிழ்99 அப்படியில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அந்த முறையின் அழகே முன்னெழுத்தைப் பார்ப்பதில் இருக்கிறது. நன்னிலம் என்று அடிக்க ந, ன, ன, இ, ல, ம, கடைசியில் புள்ளி. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. தஞ்சை என்பதற்கு த, ஞ, ச, ஐ போதும். ஞகரத்துக்குப் பின் சகரம் வந்தாலே புள்ளி வைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் வேண்டுமென்றால் ஐபஸ் என்ற உள்ளீட்டுச் செயலியும் அதற்கான எம்17என் விசைமுறைத் தொகுப்பும் தேவை. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்று தேடி நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழ் என்பதன் கீழே ஒரு வரிசையே தெரியும். உங்களுக்கு என்றால் தமிழ்99. அப்பாவுக்கு டைப்ரைட்டர். அவரைத் தமிழ்99க்கு மாற்றும் முயற்சியே வேண்டாம். தட்டச்சுப் பயிலகத்தில் விரலில் ஏறியது இறங்காது, இறக்க வேண்டிய தேவையும் இல்லை. தட்டச்சு முறையில் கண்ணில் படும் வரிசைதான் கைவரிசை: 'கோ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடோ முதலில் க, பிறகு ஓகாரக் குறி என்று வைத்துக்கொள்கிறது. அந்த இடமாற்றத்தை எம்17என் தானே செய்துகொள்ளும். கொம்பை அடித்த நொடியில் திரையில் அது தனியாக நிற்கும், அடுத்த விசையில் சேர்ந்துவிடும். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தப்பாக விழுந்தது என்று அழிக்கப் போவார். ஒன்றிரண்டு குறிகள் அவர் பழகிய இடத்தில் இல்லாமல் போகலாம். ஒரு முழு மனுவை அடிக்கச் சொல்லி, எங்கே தயங்குகிறார் என்று பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஐபஸ்ஸில் ஆங்கிலம் ஒன்று, தமிழ் டைப்ரைட்டர் ஒன்று, இரண்டை மட்டும் வையுங்கள். மூன்றாவது வந்தால் மாறி மாறிச் சுற்றுவதில் குழப்பம். விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும் சேர்ந்தால் மொழி மாறும். அட்வான்ஸ்டு பக்கத்தில் எல்லாச் செயலிக்கும் ஒரே உள்ளீட்டு முறை என்ற டிக் ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். போடாவிட்டால் ஒரு விண்டோவில் தமிழும் இன்னொன்றில் ஆங்கிலமுமாக நிற்கும். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் அது பெரிய வம்பு.

லிப்ரேஆபீஸில் ஒரு தனிப் புதிர் உண்டு. எழுத்து அளவை 14 என்று வைத்துவிட்டுத் தமிழில் அடித்தால் 12ஆகவே வரும், ஆங்கிலம் மட்டும் 14 ஆகும். பழுது ஒன்றும் இல்லை. தமிழை அது சிக்கலான எழுத்தமைப்பு என்று தனி வகையில் வைத்திருக்கிறது, அதற்குத் தனி ஃபான்ட், தனி அளவு. ஆப்ஷன்ஸில் மொழிப் பிரிவுக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டர் பிரிவில் அடிப்படை ஃபான்ட்கள் சி.டி.எல் என்று ஒரு பக்கம் வரும். அங்கே நோட்டோ செரிஃப் தமிழ், 13 என்று வைத்துவிட்டால் அப்பா அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. மனுவுக்கென்று அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு ஒரு டெம்ப்ளேட்டும் செய்து வைத்தால் இன்னும் நல்லது. தானே சேமிக்கும் இடைவெளியை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

இப்போது டெஸ்க்டாப். எக்ஸ்எஃப்சிஇ 1996இலிருந்து இருக்கிறது, அதன் வயதுக்கேற்ற சில பழக்கங்களும் இருக்கின்றன. அவற்றில் மூன்றை முதலிலேயே அணையுங்கள். விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் ஒர்க்ஸ்பேசஸ் பக்கத்தில், மவுஸ் சக்கரத்தால் ஒர்க்ஸ்பேஸ், அதாவது தனித்தனி டெஸ்க்டாப் திரை, மாறுவதை நிறுத்துங்கள். கை பட்டுச் சக்கரம் உருண்டால் திறந்திருந்த மனு மாயமாகிவிடும், போன் உங்களுக்கு வரும். ஒர்க்ஸ்பேஸையே ஒன்றாகக் குறைத்துவிட்டால் இன்னும் நிம்மதி. அதே ட்வீக்ஸில் ஆக்சசிபிலிட்டி பக்கத்தில், தலைப்புப் பட்டையில் சக்கரத்தை உருட்டினால் விண்டோ சுருட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கும். பாய் சுருட்டியதுபோல் பட்டை மட்டும் மிஞ்சும். அதையும் எடுங்கள். மூன்றாவது, கீழ்ப்பட்டைக்கு லாக் பேனல் டிக். இல்லாவிட்டால் பட்டையே இழுபட்டு இடம் மாறும்.

பட்டையின் உயரத்தை 40 ஆக்குங்கள். அதில் ரைட்டர், பிரவுசர், அப்பாவின் மனு ஃபோல்டர், பிரிண்டர் வரிசை இவை போதும். கர்சரைப் பெரிதாக்குங்கள். டபுள் கிளிக் நேரத்தைக் கூட்டுங்கள்; வயதானவர்கள் நிதானமாகத் தட்டுவதை எக்ஸ்எஃப்சிஇ இரண்டு தனிக் கிளிக் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோவின் ஓரம் மெல்லிசு, மவுஸால் பிடிப்பது கஷ்டம். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வலது பொத்தானால் இழுத்தால் எங்கே பிடித்தாலும் அளவு மாறும். தீம் என்றால் மின்ட்-ஒய்யே நன்றாக இருக்கிறது, ஐகானுக்கு பாப்பிரஸ் போடலாம். கறுப்புத் தீம் வேண்டாம். பகலில் வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் கணினி இருந்தால் திரையில் முகம்தான் தெரியும். எல்லாம் முடிந்ததும் பேனல் ப்ரொஃபைல்ஸில் அந்த அமைப்பைச் சேமித்து, டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்எஃப்சிஇ 4 ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கலைந்தால் திரும்பப் போட அது ஒன்றே போதும்.

வால்பேப்பரைக் கேட்டீர்கள். ஹரித்ரா நதித் தெப்பக்குளம் நீங்களே எடுத்த படம் இருந்தால் வைத்துவிடுங்கள், ஐகான்கள் மேலே தெளிவாகத் தெரிந்தால் சரி.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன், டெல்டாவில் அதை விட்டுவிட்டு எதுவும் பேச முடியாது. வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் போவதும் வருவதும் தெரிந்ததே. 2018 நவம்பர் 16இல் கஜா கரை கடந்த பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. லினக்ஸின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4 திடீர் நிறுத்தத்தைப் பெரும்பாலும் தாங்கும், சேமிக்காத மனுவைத் தாங்காது. ஆகவே பத்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ் கட்டாயம். மதர்போர்டின் பயாஸ் அமைப்பில், கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆவதை அணைத்துவையுங்கள். கரண்ட் வந்து வந்து போகும் அந்த முதல் சில நிமிடத்தில் பெட்டி எழுந்து எழுந்து விழுவதுதான் மிகக் கெடுதல்.

அப்டேட் தானாக ஓடட்டும், யுபிஎஸ் இருக்கும் வரை. நடுவில் அறுந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஆன் செய்யும்போது கிரப் என்ற தொடக்க மெனுவில் அட்வான்ஸ்டு, அதில் ரிகவரி, அதில் டிபிகேஜி என்று தொடங்கும் வரி. உடைந்த தொகுப்புகளைச் சரிசெய்துவிடும். அதே மெனுவில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்பும் இருக்கும், புதியது அடம்பிடித்தால் அதில் ஏறலாம். டைம்ஷிஃப்ட்டை வாரம் ஒரு பிரதி எடுக்கச் சொல்லிவையுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: டைம்ஷிஃப்ட் பத்திரப்படுத்துவது லினக்ஸை மட்டும்தான், வழக்கமான அமைப்பில் அப்பாவின் கோப்புகளைத் தொடாது. மனுக்களுக்கு மின்ட்டின் பேக்கப் டூலும் ஒரு வெளி டிஸ்க்கும் தனியாக வேண்டும்.

பிரிண்டர் மாடலை நீங்கள் சொல்லவில்லை. எப்சன் எல் வரிசை என்றால் கவலை இல்லை. எச்பி 1020 என்றால் எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிஎல்ஐபியோடு அதன் பிளகினையும் இறக்க வேண்டும், அதற்கு நெட் தேவை. நம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் நிறையப் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. அது கேப்ட் என்ற தனி மொழியில்தான் பேசும், மின்ட் தானாகக் கண்டுகொள்ளாது. எதுவாக இருந்தாலும், டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி ஒரு தமிழ்ப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். மாடல் எண்ணைச் சொன்னால் அதற்கு என்ன போட வேண்டும் என்று பொங்கலுக்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.